வழியனுப்ப வந்தவர்கள்

சலவை ஆலையில் அவளுக்குக் கேள்விக்காரி என்று பெயர் வைத்திருந்தார்கள். பல்கலைக்கழகத்தில் அவள் ஆய்வு மாணவி. வீட்டில் கணவனுக்குக் கிண்டல் தலைக்கேறினால் 'வருங்கால முனைவரே, குழம்பு கொதிக்கிறது' என்பான். மூன்றிலும் ஆளுக்குப் பொருந்தியது ஆலைக்காரிகள் வைத்த பெயர்தான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கோப்பு, வாயில் கேள்வி. இதைத் தவிர அவளிடம் அவர்கள் வேறெதையும் கண்டதில்லை.

அவளுடைய ஆய்வின் தலைப்பு நீளமோ நீளம். ஒரே மூச்சில் சொல்லி முடிக்க அவளாலேயே முடியாது. விஷயம் இதுதான்: பிழைக்க வந்த இடத்தில் மனிதர்களை ஏமாற்றிக் கடத்திக்கொண்டு போகிறார்களே, அதில் யார் சுலபமாக அகப்படுவார்கள் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? காய்ச்சலை அளக்க ஒரு கருவி இருக்கிறதே, அதைப்போல ஆபத்தை அளக்க ஒரு கேள்வித்தாள். அதைச் சரிபார்க்கத்தான் பேராசிரியர் அவளை இந்த ஆலைக்கு அனுப்பினார். கடல் தாண்டி வந்து வேலை செய்யும் பெண்கள் அங்கே அதிகம். அவர்கள் பேசும் மொழிதான் அவளுக்கும் தாய்மொழி.

ஊரில் உள்ள ஓட்டல்கள், ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றின் படுக்கை விரிப்பும் துண்டும் அந்த ஆலைக்குத்தான் வரும். துவைத்த விரிப்பை ஈரத்தோடு இழுத்துச் சூடான உருளைக்குள் கொடுப்பார்கள். மறுபக்கம் அது வறண்டு, மடிப்பில்லாமல் வெளியே வரும். அங்கே இருவர் இருவராக நின்று நுனியைப் பிடித்து உதறி மடிப்பார்கள். நீராவியில் முகம் எந்நேரமும் நனைந்திருக்கும், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். ஆலைக்குப் பின்னாலேயே விடுதி, அடுக்குக் கட்டில்கள். சோப்புத் தூள் பீப்பாய்கள் வைத்திருந்த ஓர் அறையில் கேள்விக்காரிக்கு இரண்டு நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார்கள். அங்கே ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து பதில் சொல்லிவிட்டுத் தும்மிக்கொண்டே போவார்கள்.

கேள்வித்தாளின் கடைசிக் கேள்வி அவளுடைய சொந்தச் சரக்கு. 'நீங்கள் ஒரு வாரம் யாரிடமும் பேசாமல் இருந்தால், உங்களைத் தேடி வரக்கூடியவர் யார்?' மற்ற கேள்விகளை எல்லாம் வெட்டித் திருத்திய பேராசிரியர் இதில் மட்டும் கை வைக்கவில்லை. "இதுதான்மா உயிர்நாடி" என்றார். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

அந்தக் கேள்விக்கு ஆலையில் ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "யாரும் இல்ல மேடம்." யோசிக்காமல் சொன்னார்கள், தெளிவாகச் சொன்னார்கள், சிலர் சிரித்த முகத்தோடும் சொன்னார்கள். எனக்கு யாருமில்லை என்று யாராவது சிரித்துக்கொண்டு சொல்வார்களா? சந்தையில் காய் விற்பவரிடம் கேட்டிருந்தால்கூட 'இதில் ஏதோ இருக்கிறது' என்றிருப்பார். கேள்விக்காரிக்கு உறைக்கவில்லை. இத்தனை தனிமையா என்று மனம் உருகி, உருகியதைக் கட்டமிட்டு வரைபடமாகப் போட்டாள். பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு, கருத்தரங்கில் வாசிக்கலாம் என்றார்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது ஒரு செவ்வாய்க்கிழமை.

தள்ளுவண்டிகள் நிற்கும் நடையில் ஒருத்தி போனில் யாரையோ வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தாள். மடிப்புப் பிரிவில் இருப்பவள். ஆள் சிறிசு, கை வேகம், வாய் அதைவிட வேகம். அதனால் எல்லோருக்கும் அவள் குருவி. போன வாரம்தான் சோப்புத் தூள் அறையில் உட்கார்ந்து, "எனக்கு இந்த உலகத்துல ஒருத்தரும் இல்ல மேடம்" என்று கண் சிமிட்டாமல் சொல்லிவிட்டுப் போனவள்.

"காலைல பேசறேன், ராத்திரி பேசறேன், நடுவுல ஒரு வேளை எடுக்கலன்னா உனக்கு என்ன வந்துச்சு?" என்று குருவி கத்தினாள். "ஆலை ஆபீசுக்கே போன் பண்ணுவியா? மானம் போகுது. அழாத. அழாதங்கறேன்ல. சாப்பிட்டேன். ஆமா, நல்லாதான் சாப்பிட்டேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பியவள் கேள்விக்காரியைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"யாரு?" என்று கேட்டாள் கேள்விக்காரி.

"எங்க அக்கா மேடம்." குருவி சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அம்மா போனப்பறம் அவதான் என்னை வளர்த்தா. ஆனா நீங்க எழுதினத மாத்திடாதீங்க. யாரும் இல்லன்னே இருக்கட்டும்."

"ஏன்?"

"இருக்காங்கன்னு சொன்னா எடுக்க மாட்டீங்களே."

"எதுக்கு எடுக்கணும்?"

"வேலைக்குத்தான். நீங்களும் சிரிப்பக்கா ஆளுதானே?"

அதற்கு மேல் கேள்விக்காரி ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதி வாசலுக்கு ஓர் அம்மாள் வருவாள். எப்போதும் சிரித்த முகம், அதனால் சிரிப்பக்கா. அவள் கழுத்திலும் ஓர் அட்டை தொங்கும், கையிலும் ஒரு கோப்பு இருக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் கடலோரத்தில் பெரிய ஓட்டலாம். குளிரூட்டிய கூடம், நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. அதற்கு ஆள் எடுக்கிறாள். எடுக்கும்முன் அவள் தவறாமல் கேட்கும் கேள்வி, 'ஒரு வாரம் நீ பேசலன்னா உன்னைத் தேடி யாராவது வருவாங்களா?'

"வீடு, சொந்தம்னு இருக்கறவங்க நெனச்சு நெனச்சு அழுவாங்களாம். ஓட்டல்காரங்களுக்கு அது ஆகாதாம்" என்றாள் குருவி. "முன்னாடி ஒருத்தி எனக்கு அண்ணன் இருக்காருன்னு உளறிட்டா. அவள எடுக்கல. அதுலேருந்து நாங்க எல்லாரும் உஷார். உங்ககிட்ட வேற ஒரு தடவ சொல்லிப் பழகினோமா, சிரிப்பக்கா கேட்டப்ப எனக்கு வாயே குழறல. டக்குனு சொன்னேன், டக்குனு எடுத்துட்டாங்க. வெள்ளிக்கிழமை காலைல வண்டி!"

கேள்விக்காரி கையிலிருந்த கோப்பை மூடினாள். ஆபத்தை அளக்கப் போட்ட கேள்வி ஆபத்துக்கே ஒத்திகை ஆகியிருக்கிறது. எந்த மீனைக் காப்பாற்ற வேண்டும் என்று அவள் தேடினாளோ, அதே மீனைத்தான் தூண்டில்காரியும் தேடியிருக்கிறாள். ஒரே தேடல் என்றால் ஒரே கேள்விதானே வரும்?

"ஓட்டல் பேர் என்ன?"

"போனதும் சொல்வாங்களாம்."

"உன் பாஸ்போர்ட்?"

"அவங்ககிட்ட குடுத்தாச்சு. விசா போடணும்ல?"

"குருவி, இது வேலை இல்லம்மா. உன்னைத் தேட ஆள் இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டு எடுக்கறாங்கன்னா, நீ காணாமப் போனா கேக்க நாதி இருக்கக் கூடாதுன்னு அர்த்தம். போகாத."

குருவியின் முகம் சட்டென்று மூடிக்கொண்டது. "நீங்க ஃபேனுக்குக் கீழ உக்காந்து படிக்கறவங்க. அந்த உருளைகிட்ட ஒரு நாள் நின்னு பாருங்க. எனக்கு ஒரு நாற்காலி கிடைக்குதுன்னா அது உங்களுக்குப் பொறுக்கலையா?"

சொல்லிவிட்டு அவள் தள்ளுவண்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டாள். கேள்விக்காரிக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவில் என்ன பெரிய தூரம் இருக்கிறது?

பேராசிரியர் முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "பெரிய கண்டுபிடிப்பு இது" என்றார். "நம்ம அளவுகோலையே புரட்டிப் போடுதே. தனிக் கட்டுரையா எழுதலாம்."

"சார், வெள்ளிக்கிழமை அவ போயிடுவா."

அவர் முகம் மாறியது. கெட்ட மனிதர் இல்லை. அரைமணி நேரம் அவரே ஆள்கடத்தல் தடுப்பு உதவி எண்ணுக்கு அழைத்துப் பேசினார். மறுமுனையில் இருந்த அதிகாரியும் பொறுமையாகத்தான் கேட்டார். குற்றம் நடந்திருக்கிறதா? இன்னும் இல்லை. புகார் யார் கொடுக்கிறார்கள்? யாரும் இல்லை. அந்தப் பெண் என்ன சொல்கிறாள்? போகிறேன் என்கிறாள். விருப்பப்பட்டு வேலைக்குப் போகிறவளை நாங்கள் எந்தக் கணக்கில் நிறுத்துவது? பாஸ்போர்ட்டைக் கேட்டும் கொடுக்க மறுத்தால் அது குற்றம், அந்த நிமிடம் கூப்பிடுங்கள், ஆள் அனுப்புகிறோம். இவ்வளவுதான் தேறியது.

"பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவுக்கு அவசரம்னு எழுதிடறேன்" என்றார் பேராசிரியர். "ஆனா அவங்க கூடறதுக்கு அடுத்த மாசம் ஆகும். அதுவரைக்கும் ஆய்வாளரா நீ அங்க எதுலயும் தலையிடக் கூடாதும்மா. நம்ம வேலை பாக்கறது, எழுதறது. ஆலைக்காரங்க அனுமதிய ரத்து பண்ணிட்டா உன் இத்தனை வருஷ உழைப்பும் போச்சு. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

கேள்விக்காரி கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்தாள். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன். குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்."

வாய்ச்சவடாலுக்குக் குறைச்சல் இல்லை, என்ன செய்யப் போகிறோம் என்பதுதான் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கணவன் பார்த்தான். அவன் மின்சாதனப் பழுது பார்க்கிறவன். எது கெட்டாலும் முதலில் அதைப் பிரித்துப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவன் கொள்கை. அவளையும் அப்படியே பிரித்தான். அவள் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, கடைசியில் சிரித்தான்.

"சிரிப்பு வருதா உனக்கு?"

"இல்ல, நம்ம கல்யாணம் பேசினப்ப உங்க வீட்டாளுங்க என் கடைக்கு வந்தது ஞாபகம் வந்துச்சு. உங்க மாமா, சித்தப்பா, ரெண்டு அத்தை, பக்கத்து வீட்டுக்காரரு வேற. அவரு எதுக்கு வந்தாருன்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியல. கடை சொந்தமா வாடகையா, ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவேன், குடிப்பேனா. பக்கத்துக் கடைக்காரன் போலீஸ் ரெய்டுன்னு நெனச்சு ஷட்டர இறக்கிட்டான்."

"நீ என்ன பண்ண?"

"டீ வாங்கிக் குடுத்தேன். மடில கனமில்ல, வழில பயமில்ல. கனம் இருந்திருந்தா நானும்தான் ஷட்டர இறக்கியிருப்பேன்."

கேள்விக்காரி கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள். யாருமில்லாத பெண் என்று நம்பித்தானே அவளை எடுத்திருக்கிறார்கள்? யாருமில்லாதவளுக்கு ஊர்ப்பட்ட சொந்தம் முளைத்துவிட்டால்? அவள் எழுந்து போய்க் கைகழுவினாள். அன்று இரவு நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் தேநீர் இடைவேளையில், துணி இறக்கும் மேடையருகே ஆலைப் பெண்களைப் பிடித்தாள். அட்டை இல்லாத கழுத்தோடு அவளைப் பார்த்தவர்கள் வேலை போய்விட்டதோ என்று நினைத்துக்கொண்டார்கள். அவள் விஷயத்தை ஒளிவுமறைவில்லாமல் போட்டு உடைத்தாள். வெள்ளிக்கிழமை எல்லோரும் குருவிக்குச் சொந்தமாக வர வேண்டும். சித்தியாக, அத்தையாக, அண்ணியாக. வந்து நின்று, பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் வீட்டார் கேட்பதுபோல எல்லாவற்றையும் கேட்க வேண்டும்.

யாரும் துள்ளிக் குதிக்கவில்லை.

"அவளுக்குக் கிடைச்சதக் கெடுத்தா அடுத்து எங்களுக்கும் கிடைக்காது மேடம்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "வெளுத்ததெல்லாம் பாலுன்னு நாங்க நம்பிடல. ஆனா இங்க மட்டும் என்ன பாலும் தேனுமா ஓடுது?" என்றாள். உருளைக்கு விரிப்புக் கொடுக்கும் மூத்தவள், உருளைச் சித்தி என்பார்கள், தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் குருவியே வந்துவிட்டாள். காதில் விழுந்திருக்கிறது. "என் தலைல மண்ணள்ளிப் போடத்தான் மேடம் இவ்வளவு தூரம் வந்தீங்களா?"

கேள்விக்காரி அசையவில்லை. "நான் உன்னைத் தடுக்க வரல. ஒண்ணே ஒண்ணு சொல்றேன், கேளு. நல்ல வேலைன்னா, நாலு பேர் வந்து வழியனுப்பறதால அது ஓடிப்போகாது. நாலு பேரப் பாத்து ஓடிப்போற வேலைன்னா, அது ஓடிப்போகட்டும். நான் சொல்றது தப்புன்னா உன் பெட்டிய நானே தூக்கி வண்டில வெக்கறேன். எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேக்கறேன்."

"கேப்பீங்களா?"

"கேப்பேன். கால்ல விழச் சொன்னாலும் விழறேன்."

குருவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெயிக்கப் போகிறோம் என்று நம்புகிறவளுக்கு வரும் சிரிப்பு. "வாங்க. ஊரே வாங்க. எங்க சிரிப்பக்கா உங்க எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்துதான் அனுப்புவாங்க, பாருங்க."

அவள் போனதும் உருளைச் சித்தி டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "என் வீட்ல மூணு பொண்ணக் கட்டிக் குடுத்திருக்கேன்" என்றாள். "விசாரிக்கறது எப்படின்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேணாம். நான் வரேன்."

உருளைச் சித்தி வருகிறாள் என்றால், வெள்ளிக்கிழமை காலை இரவுப்பணி முடிந்து வெளியே வருகிறவர்கள் முழுக்க வந்த மாதிரிதான்.

வெள்ளிக்கிழமை பொழுது விடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஆலைக்கு ஒரு தெரு தள்ளி, பெட்ரோல் பங்கின் ஓரத்தில் வெள்ளை நிற வேன் நின்றது. கண்ணாடிகளில் கறுப்புத் தாள். ஓட்டுநர் பீடி குடித்துக்கொண்டிருந்தான். சிரிப்பக்கா பளிச்சென்று உடுத்தி, பளிச்சென்று சிரித்துக்கொண்டு கதவருகே நின்றாள். குருவி தன் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தபோது அந்தச் சிரிப்பு காதுவரை போனது. குருவிக்குப் பின்னால் தலையெல்லாம் பஞ்சாக ஒரு படையே வருவதைப் பார்த்ததும் அது கொஞ்சம் பின்வாங்கியது.

"யாரும்மா இவங்கல்லாம்?"

"வழியனுப்ப வந்திருக்காங்கக்கா" என்றாள் குருவி பெருமையாக.

உருளைச் சித்தி முன்னால் வந்து இடுப்பில் கையை வைத்தாள். "நான் இவ சித்தி. எந்த ஓட்டலு? பேரச் சொல்லுங்க, ஒரு தடவ போன் போட்டுப் பேசிடறேன்."

"நான் அத்தை" என்றாள் இன்னொருத்தி. "யாரோட தங்கப் போறா? பொம்பளைங்க மட்டுமா?"

"நான் அண்ணி. லீவு உண்டா? நாங்க வந்து பாக்கலாமா?"

"நான் ஓரகத்தி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"கல்யாணமே ஆகாத பொண்ணுக்கு ஓரகத்தி எங்கேருந்துடி வந்தா?" என்று பக்கத்தில் இருந்தவள் கிசுகிசுத்தாள்.

"ஆகாமலா போயிடும்? இடம் பிடிச்சு வெக்கறேன்."

கேள்விக்காரியின் கணவனும் வந்திருந்தான். வேனுக்கு நேர் முன்னால் அவனுடைய ஸ்கூட்டர் திடீரென்று நின்றுபோனது. அவன் அதைச் சாவதானமாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். ஓட்டுநர் ஹாரன் அடித்தான். "தோ, ஒரே நிமிஷம் அண்ணே" என்றான் அவன், அடுத்த திருகாணியைக் கழற்றியபடி.

சிரிப்பக்கா இன்னும் சமாளித்தாள். நேரமாகிறது என்றாள், எல்லைச் சாவடியில் வரிசை நீளும் என்றாள், போனதும் விலாசம் அனுப்புகிறேன் என்றாள். அப்போது கேள்விக்காரி தன் போனைத் தூக்கி அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். திரையில் அழுது வீங்கிய முகத்தோடு குருவியின் அக்கா. விடுதியில் விசாரித்து எண்ணை வாங்கி, முதல்நாளே அவளுக்குச் சொல்லி வைத்திருந்தாள் கேள்விக்காரி.

"அம்மா, என் தங்கச்சிய எங்க கூட்டிட்டுப் போறீங்க?" என்றாள் அக்கா. "விலாசத்த இப்பவே சொல்லுங்க, எழுதிக்கறேன். நாளைக்கு அவ போன் எடுக்கலன்னா நான் யாரக் கேக்கணும்? உங்க முழுப் பேர் என்ன?"

சிரிப்பக்கா போனைப் பார்க்கவில்லை. மெல்லத் திரும்பிக் குருவியைப் பார்த்தாள். அத்தனை நாள் பார்த்த முகத்தில் சிரிப்பு துடைத்துப் போட்டாற்போல் இல்லை.

"யாரும் இல்லன்னுதானேடி சொன்ன?"

கேட்ட விதத்தில் பல்லைக் கடிக்கும் சத்தம் இருந்தது. குருவி அப்படியே நின்றாள். கேள்விக்காரி இரண்டு நாளாகச் சொல்லிப் புரியாத ஒன்று, அந்த ஒரு வாக்கியத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இருந்தா என்னக்கா?" என்றாள் குருவி. "எனக்கு அக்கா இருந்தா உங்களுக்கு என்ன கஷ்டம்? சொல்லுங்க."

"ஏறுறியா இல்லையா?"

"என் பாஸ்போர்ட்டக் குடுங்க."

"அது ஆபீஸ்ல இருக்கு."

"அப்ப உதவி எண்ணுக்குப் போடறேன்" என்று கேள்விக்காரி எண்ணை அழுத்தத் தொடங்கினாள். உருளைச் சித்தியின் படை ஓரடி நெருங்கியது. பங்கில் பெட்ரோல் போட வந்தவர்கள்கூட எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். சிரிப்பக்கா தன் கைப்பையை வெடுக்கென்று திறந்து, அதற்குள்ளிருந்தே பாஸ்போர்ட்டை எடுத்துக் குருவியின் மேல் வீசினாள்.

குருவி அதைக் கீழே விழவிடாமல் மார்போடு பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். போனுக்குள் அக்கா அழுதாள். ஓரகத்தி அழுதாள். உருளைச் சித்தி மட்டும் அழவில்லை, "பெட்டியத் தூக்குங்கடி" என்றாள்.

முடிந்துவிட்டது என்றுதான் கேள்விக்காரி நினைத்தாள். சிரிப்பக்கா வேனின் கதவை இழுத்துத் திறந்து ஏறினாள். அந்தத் திறப்பில், பின் இருக்கையின் மூலையில், இன்னொரு பெண் உட்கார்ந்திருப்பதைக் கேள்விக்காரி பார்த்தாள்.

இருபது வயது இருக்கலாம். மடியில் ஒரு துணிப்பை. வேறு ஏதோ ஆலையில் இருந்தோ வீட்டில் இருந்தோ ஏற்றி வந்திருக்கிறார்கள். வெளியே நடந்த அத்தனையையும் அவள் கேட்டிருக்கிறாள். குருவியைச் சுற்றி நின்று அழுதுகொண்டிருந்த கூட்டத்தையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்க வேண்டும் என்று தோன்றியிருக்கும், யாரை நம்பி இறங்குவது?

கேள்விக்காரி ஒரு கணம் தயங்கினாள். வந்தது ஒருத்திக்காக. அந்த ஒருத்தி பிழைத்துவிட்டாள். இவள் யாரென்றே தெரியாது, என்ன மொழி பேசுவாள் என்றுகூடத் தெரியாது. கதவு பாதி மூடிவிட்டது.

அவள் கையை உள்ளே நீட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். விரல் நசுங்கியது. விடவில்லை.

"அந்தப் பொண்ணையும் இறக்கு."

"எந்தப் பொண்ணு?"

"பின்னாடி உக்காந்திருக்காளே. அவ என் நாத்தனார் பொண்ணு."

ஸ்கூட்டரைப் பிரித்துக்கொண்டிருந்தவன் தலையை நிமிர்த்தினான். அவனுக்கு அக்காளும் கிடையாது, தங்கையும் கிடையாது. ஆனாலும் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

சிரிப்பக்காவின் முகத்தில் போன சிரிப்பு மறுபடி வந்து உட்கார்ந்தது. "அப்படியா? உன் நாத்தனார் பொண்ணா? அவ பேரச் சொல்லு பாக்கலாம்."

கேள்விக்காரி எத்தனையோ பேரை எத்தனையோ கேட்டவள்தான். அவளை மடக்க இந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. தப்பான பெயர் ஒன்றைச் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். அவள் சிரிப்பக்காவைப் பார்க்காமல் பின் இருக்கையைப் பார்த்தாள்.

"எங்க வீட்ல பொண்ணுங்களப் பேர் சொல்லியா கூப்பிடறோம்?" என்றாள். "பாப்பா, பயப்படாத. இறங்கி வாடா கண்ணு."

அந்தப் பெண் கேள்விக்காரியின் முகத்தைப் பார்த்தாள், கதவில் சிக்கியிருந்த விரல்களைப் பார்த்தாள். பிறகு துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, சிரிப்பக்காவைத் தாண்டிக் காலை வெளியே வைத்தாள்.

"என் பாஸ்போர்ட்டும் இவங்ககிட்டதான் இருக்கு, அத்தை" என்றாள்.